பதினொன்று ஐம்பத்திரண்டு: ஓசையில்லை

வரதராசன்பேட்டை
20 டிசம்பர் 2006

தம்பி ஆல்பர்ட்டுக்கு,

இன்றைய தேதியில் எனக்கு எழுபத்துமூன்று வயதும் நான்கு மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. இதைச் சொல்லக் காரணம், உன் கடிதம் "எண்பதை நெருங்கும் அக்காவுக்கு" என்று தொடங்குகிறது. இருபத்தொன்பது ஆண்டு அரசு வேலை பார்த்தவன், அதிலும் பாதிக் காலம் வயர்லெஸ் அறையில் எண்களைப் பிசகாமல் எழுதியவன், கூடப்பிறந்தவளின் வயதில் ஏழு ஆண்டு பிசகலாமா?

என் இடது முழங்கால் மழையை மூன்று நாள் முன்னதாக அறிவிக்கிறது. மற்றபடி நலம். உன் இரத்த அழுத்தமும் உன் மனைவி ஆனி ரோஸின் நாக்கும் கட்டுக்குள் இருக்கின்றனவா?

டிசம்பர் ஐந்தாம் தேதி மாலை நான்கு மணி சுமாருக்கு உன் சிற்றலை வானொலியில் எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் மறைந்தன என்றும், பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். கொடுக்காதே. உன் பெட்டியில் பழுதில்லை. ஜெயங்கொண்டத்து பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தே சொல்கிறேன். அந்த நேரத்தில் சூரியனில் ஒரு பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. அதன் எக்ஸ் கதிர் எட்டே நிமிடத்தில் இங்கு வந்து, வளிமண்டலத்தின் மேலே உள்ள மின்னேறிய அடுக்குகளில் கீழடுக்கைத் தடிக்கச் செய்துவிடும். மேலடுக்கில் பட்டுத் திரும்ப வேண்டிய சிற்றலையைக் கீழடுக்கே விழுங்கிவிடும். பூமியில் எங்கெல்லாம் பகலோ அங்கெல்லாம் மௌனம். பிறகு தானாகச் சரியாகும்.

கிறிஸ்துமஸ் கேக் அனுப்ப வேண்டாம். போன ஆண்டுக் கேக்கின் நினைவே போதும்.

அன்புடன்,
விண்ணரசி

*

பெரம்பலூர்
2 ஜனவரி 2007

மதிப்புக்குரிய அக்கா,

புத்தாண்டில் கடவுள் உங்களுக்கு நல்ல முழங்காலைக் கொடுக்கட்டும். நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுக்கவில்லை.

அக்கா, அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. உங்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் ஒருமுறை முழுதாக எழுதிவிடுகிறேன். 1972 ஆகஸ்ட் 4, மாதத்தின் முதல் வெள்ளி. விடியற்காலைப் பூசை பார்த்துவிட்டுச் சைக்கிளில் கொள்ளிடக் கரை வெள்ள எச்சரிக்கை அறைக்குப் போய் எட்டு மணிக்குக் காதுக்கருவியை மாட்டினேன். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஓசை நின்றது. இரைச்சல் கூட இல்லை. வானத்தில் ஒரு மேகம் இல்லை. பதிவேட்டில் "11.52, ஓசையில்லை" என்று எழுதினேன். வால்வு மாற்றினேன். ஏரியல் பார்த்தேன். கடைசியில் எர்த் கம்பி விட்டிருக்குமோ என்று மேசைக்கடியில் மல்லாந்து படுத்துத் தேடிக்கொண்டிருந்தபோது மேலதிகாரியின் ஜீப் வந்தது.

அவர் கண்டது மேசைக்கடியில் படுத்திருந்த ஆளை. மேலே மதகு திறக்கப்போவதாக அந்த நேரத்தில் அனுப்பிய செய்தி எனக்கு வரவேயில்லை. ஆற்றுத்திட்டில் இருந்த மாயவனின் ஆட்டுப்பட்டி முழுவதும் போனது. மனுசர் தப்பினார்கள். பணிப்பதிவேட்டில் "கடமை நேரத்தில் உறங்கியதால் செய்தியைத் தவறவிட்டார்" என்று சிவப்பு மையில் எழுதினார்கள். நான் எழுதிய 11.52, விழித்த பின் எழுதிச் சேர்த்ததாம். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை எனக்குச் சாமான் அறைதான். காதுக்கருவியைத் தொட விடவில்லை.

போன வாரம் கூட அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மாயவன், "என்னா ஆல்பர்ட் சாரு, மேச எடுத்துட்டு வரலயா? நின்னுகிட்டே தூங்குவியளா?" என்றான். டீக்கடையே சிரித்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு, அந்த நேரத்தில், சூரியன் வெடித்ததா? அந்தச் சிவப்பு வரியை என் காலத்திலேயே அடித்துவிட வேண்டும்.

உங்கள் தம்பி,
மரிய ஆல்பர்ட்

*

வரதராசன்பேட்டை
28 பிப்ரவரி 2007

தம்பிக்கு,

பதில் எழுத எட்டு வாரம் ஆயிற்று. கண்ணில் புரை வளர்கிறது. அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்.

வெடித்தது. 1972 ஆகஸ்ட் 4, நம் கடிகாரப்படி நண்பகலுக்குச் சற்று முன். அந்த நூற்றாண்டில் பதிவான பெரும் வெடிப்புகளில் ஒன்று. அப்போது இந்தியா முழுவதும் உச்சிப்பகல் என்பதால் மௌனமும் இங்கே முழுமையாக இருந்திருக்கும். நீ எழுதிய நேரம் சரி. வேறு எவரையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளத் தேவையில்லை.

ஆகவே மனுப் போடு. கெஞ்சி எழுதாதே. "கருணை கூர்ந்து" என்ற சொல் வந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுது. நீ கேட்பது ஒரு தவறான வாக்கியத்தின் திருத்தம்.

விசாரணைக் கோப்பில் என்னென்ன தாள்கள் இருந்தன என்று உனக்கு அப்போது காட்டினார்களா? தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்கிறேன்.

தவக்காலத்தில் உப்பைக் குறைத்துக்கொள். புண்ணியமும் ஆகும், அழுத்தமும் இறங்கும்.

விண்ணரசி

*

பெரம்பலூர்
20 மார்ச் 2007

அன்பான அக்கா,

கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள். ஆனி ரோஸ் கூட வருகிறேன் என்கிறாள். கோப்பை எனக்கு அன்று யாரும் காட்டவில்லை. தண்டனையைத்தான் காட்டினார்கள்.

மனுவோடு எங்கள் துறை ஆபீசுக்குப் போனேன். வாசல் மேசையில் சிந்தாமணி என்ற அம்மா வாங்கிப் படித்தார்கள். "என்னா சார், சூரியன் மேலயே கம்ப்ளெயிண்ட்டா?" என்று உள்ளே கொண்டுபோனார்கள். கண்காணிப்பாளர் தர்மன் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசர்தான், நக்கல் அதிகம்.

"முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு சூரியந்தான் காரணம்ங்கிறீங்க. அத சம்மன் அனுப்பிக் கூப்புடவா?"

"வேணாம் சார். அது தெனம் ஆறு மணிக்கே வந்துடுது. நீங்கதான் பத்தரைக்கு வர்றீங்க" என்றேன்.

சிந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்கள். என் வாயா அது என்று எனக்கே சந்தேகம். உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போன தைரியம்.

அவரும் சிரித்துவிட்டு, "இதெல்லாம் யாரு சொன்னா?" என்றார். "எங்க அக்கா. எம்.எஸ்சி. பிசிக்ஸ். இந்தப் பக்கத்துல பொம்பளப் புள்ளைவொ எட்டாவது தாண்டாத காலத்துல மெட்ராசுல போயிப் படிச்சவங்க" என்றேன். அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"சரிங்க, அந்தக் காலத்து வயர்லெஸ்சு செத்துச்சின்னே வச்சுக்குவோம். இப்ப செல்போன் காலம். இதப் போயி மேல எழுதுனா சிரிப்பாங்க. இன்னக்கும் இப்புடி நடக்கும்னு உங்க அக்காவ ஒரு குறிப்பு எழுதித் தரச் சொல்லுங்க, படிச்சிப் பாக்குறேன்" என்றார். தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நகல் கேட்கவும் அவரே வழி சொன்னார்.

ஆனி ரோஸ் மட்டும், "பிரசங்கம் ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிசம் தல தொங்குற ஆளு. நானே நம்பல, ஆபீசரா நம்பப் போறாரு?" என்கிறாள்.

தம்பி,
ஆல்பர்ட்

*

வரதராசன்பேட்டை
5 ஏப்ரல் 2007

தம்பிக்கு,

கண் டாக்டரிடம் போய்விட்டேன். புரை இன்னும் முற்றவில்லையாம்.

தர்மனுக்கான குறிப்பு கீழே. கையால் படியெடுத்துக் கொடுக்காதே, உன் கையெழுத்தைப் பார்த்தால் மறுபடி தூங்கிவிட்டாய் என்பார்கள். இந்தத் தாளையே கொடு.

"ஐயா, சூரியப் புயல் மூன்று தவணையாக வருகிறது. முதலில் கதிர், எட்டு நிமிடத்தில். அது சிற்றலைத் தொடர்பைக் கெடுக்கும். கடலில் கப்பலும், துருவத்தை ஒட்டிப் பறக்கும் விமானமும் இன்றும் சிற்றலையை நம்பியிருக்கின்றன. அடுத்து, வேகமான துகள்கள். அவை செயற்கைக்கோளின் மின்சுற்றைத் தாக்கும். தங்கள் ஊரில் பல வங்கிகளின் கூரையில் ஒரு தட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறதே, அது பேசுவது செயற்கைக்கோளுடன்தான். கோள் ஊமையானால் ஏ.டி.எம். வாசலில் தாங்களும் ஊமையாக நிற்க வேண்டியதுதான். இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி பொய் சொல்லும். பல செல்போன் கோபுரங்கள் கடிகாரத்தை அந்தக் கோள்களிலிருந்தே வாங்குகின்றன. நேரம் பிசகினால் பேச்சும் பிசகும்.

கடைசியில், ஒன்றிரண்டு நாள் கழித்து, சூரியனிலிருந்து பிய்ந்த காந்த மேகம் வரும். அது நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டத்தைத் தூண்டி மின்மாற்றிகளைச் சுடவைக்கும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் இருண்டது. 2003 அக்டோபரில் சுவீடனில் ஒரு நகரம் இருண்டது. நாம் பூமியின் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மின்மாற்றி பற்றிய அச்சம் குறைவு. ஆனால் சிற்றலையும் ஜி.பி.எஸ்ஸும் கெடுவதற்கு இதுவே வசதியான இடம். 1859இல் வந்ததைப் போன்ற புயல் இன்று வந்தால் குடிநீர் மோட்டாரிலிருந்து மருத்துவமனைக் குளிர்பெட்டி வரை எத்தனை நாள் நிற்கும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. அப்படி ஒரு நாளில் பொறுப்பில் இருக்கும் ஊழியர் எவரையும், மேசைக்கு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், தூங்கினார் என்று எழுதிவிட வேண்டாம்."

சொல்லைக் குறைக்கச் சொன்னால் சம்மதிக்காதே.

விண்ணரசி, எம்.எஸ்சி.

*

பெரம்பலூர்
18 ஜூன் 2007

அன்பு அக்கா,

வெயில் இன்னும் இறங்கவில்லை. நாங்கள் நலம். தாங்கள் மோர் குடிக்கிறீர்களா?

உங்கள் குறிப்பைத் தர்மன் சார் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார். "இவங்ககிட்ட படிச்ச புள்ளைவொ பயந்தே பாஸாயிருக்கும்" என்றார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அந்த ஆபீசில் முப்பத்தைந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நாற்காலி.

கோப்பின் நகலும் கிடைத்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமானபோது அங்கே போயிருக்கிறது. அடுத்த வருடம் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தபோது சாக்கில் திரும்பியிருக்கிறது. இடையில் கரையான் வேலை.

படித்தேன். மேலதிகாரி என்னைச் சும்மா விட்டுவிடவே நினைத்திருக்கிறார் அக்கா! "வயர்லெஸ் செட்டில் கோளாறு இருந்திருக்கலாம், சந்தேகத்தின் பலனை அளிக்கலாம்" என்று முதலில் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு, "கல்லூரி இயற்பியல் நிபுணரின் கருத்து இணைப்பில் உள்ளது. வானம் தெளிவாகவும் கருவி பழுதின்றியும் இருக்கையில் எல்லா அலைவரிசையும் ஓசையற்றுப் போக விஞ்ஞானக் காரணம் ஏதுமில்லை என்கிறார். ஆகவே ஊழியரின் கூற்று பொய்" என்று முடித்திருக்கிறார்.

அந்த இணைப்புத் தாள்தான் இல்லை. கரையான் தின்றுவிட்டது. திருச்சிக் கல்லூரி என்பது மட்டும் தெரிகிறது. நீங்கள் அப்போது திருச்சியில்தானே வேலை பார்த்தீர்கள்? யாராக இருக்கும்? அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆல்பர்ட்

*

பெரம்பலூர்
30 ஜூலை 2007

அன்புள்ள அண்ணிக்கு ஆனி ரோஸ் எழுதுவது,

சுகமா அண்ணி? ஆறு வாரமாய்க் கடிதம் இல்லை. போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டாலே உங்கள் தம்பி வாசலுக்கு ஓடுகிறார். நேற்று வந்தது கரண்ட் பில்.

நான் இதுவரைக்கும் உங்களிடம் சொல்லாத ஒன்று. கல்யாணமான நாளிலிருந்து இவர் தூங்கினார் என்றுதான் நானும் நினைத்தேன். போன மாதம் அந்தக் கோப்பை அவர் குளிக்கப் போனபோது எடுத்துப் படித்தேன். பதிவேட்டின் நகலும் இருக்கிறது. 11.52க்குப் பிறகு ஒரு மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார். 11.57 ஓசையில்லை, 12.02 ஓசையில்லை, 12.07 வால்வு மாற்றினேன் என்று. தூங்கி எழுந்தவன் அவசரத்தில் எழுதுகிற எழுத்தா அது? வரிக்கு வரி முத்து. "மன்னிச்சுக்குங்க, நான் இத்தன வருசமா தப்பா நெனச்சிட்டேன்"னு சொன்னேன். "சரி, கொழம்புல உப்பு போட்டியா?"ன்னு கேக்கிறார் அண்ணி. ஆனா அன்னிக்கி நெஞ்ச நிமித்திக்கிட்டுக் கடைக்குப் போனார்.

உடம்புக்கு ஏதும் இல்லையே? ஒரு வரி போடுங்கள்.

ஆனி ரோஸ்

*

வரதராசன்பேட்டை
9 ஆகஸ்ட் 2007

ஆனி ரோஸுக்கும் தம்பிக்கும்,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

அந்த நிபுணரைத் தேட வேண்டாம். அவர் எழுதியது தவறு என்பது தெரிந்துவிட்டது. சிற்றலை இப்படி மறையும் என்பது முப்பதுகளிலேயே கண்டறியப்பட்டுப் பாடநூல்களில் ஏறிய செய்தி. அவருடைய அலமாரியிலிருந்த புத்தகத்திலும் இருந்திருக்கும். அந்த அத்தியாயம் பாடத்திட்டத்தில் இல்லாததால் அவர் திறந்து பார்க்கவில்லை. இதற்கு மேல் அவரிடம் கேட்க என்ன இருக்கிறது?

முந்திரித் தோப்பில் வேலை இருக்கிறது. சுருக்கமாக முடிக்கிறேன்.

விண்ணரசி

*

பெரம்பலூர்
26 நவம்பர் 2007

மதிப்புக்குரிய அக்கா,

மழையில் முழங்கால் எப்படி? உங்கள் ஆகஸ்ட் கடிதத்துக்குப் பிறகு நான் நிபுணரைத் தேடவில்லை. நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை அரியலூர் மறுபடி தனி மாவட்டமாகிவிட்டது. என் கோப்பும் தர்மன் சாரும் அங்கேதான் போகிறார்களாம், ஆபீசில் சாக்கு மூட்டைகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தர்மன் சார் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "சார், மேல வரைக்கும் பேசிட்டேன். சூரியன் வெடிச்சத ஒத்துக்கறாங்க. ஆனா கோப்புல ஒரு நிபுணர் கருத்து நிக்கிது. அத எழுதுனவரே எழுத்துல வாபஸ் வாங்குனாத்தான் சிவப்பு வரிய அடிக்க முடியும். அவரு இருக்காரோ இல்லியோ. டிசம்பர் பதினஞ்சுக்குள்ள வரலன்னா மனுவ முடிச்சுடுவாங்க. எங்க கையில இல்ல."

நான் சொன்னேன்: "பரவால்ல சார். என் அக்கா நம்புறாங்க, என் பொண்டாட்டி நம்புறா. அது போதும்." போதும் என்று சொன்னேனே தவிர, பஸ்ஸில் வரும்போது என் ஸ்டாப் பாலக்கரையில் இறங்க மறந்துவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. உங்கள் குறிப்பின் நகலை மாயவனிடம் படித்துக் காட்டினேன். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "அப்பன்னா என் ஆட்டக் கொன்னது அந்தா அதுவா?" என்று வானத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

மனு முடிந்தாலும் பெருமைதான் அக்கா. எனக்காக ஒரு படித்த ஆள் எழுதினார் என்று அந்த ஆபீசுக்கே தெரியும்.

உங்கள் தம்பி,
ஆல்பர்ட்

*

வரதராசன்பேட்டை
2 டிசம்பர் 2007

தம்பி ஆல்பர்ட்டுக்கு,

நலம் விசாரிப்பதை இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன். மன்னிக்கவும்.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. நாளைக்கே அரியலூர் போய்த் தர்மன் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கு. 1972 ஆகஸ்ட் 21 தேதியிட்ட இயற்பியல் கருத்து முற்றிலும் பிழையானது என்றும், அதை எழுதியவர் அதைத் திரும்பப் பெறுகிறார் என்றும் அதில் இருக்கிறது. அன்றைய பதவி, இன்றைய முகவரி, கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. இங்குள்ள நோட்டரி முன்னிலையில் போட்ட கையெழுத்து. கையெழுத்து உனக்குத் தெரிந்ததுதான். ஒன்பது மாதமாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறாய்.

கேள்வி துறைத் தலைவருக்கு வந்தது. அவர் என்னிடம் தள்ளினார். இரண்டு வகுப்புகளுக்கு இடையே பத்து நிமிடத்தில் பதில் எழுதினேன். பாடத்திட்டத்தில் இல்லாத அத்தியாயத்தைத் திறக்காத நிபுணர் நான்தான். அக்டோபரில் நூலகத்துக்கு வந்த ஆய்விதழில் ஆகஸ்ட் 4 வெடிப்பைப் பற்றி, மணியும் நிமிடமும் இட்டு, நான்கு பக்கம் இருந்தது. நின்றபடியே படித்தேன். அன்றே திரும்பப் பெற்றிருக்கலாம். பெற்றால் யார் பொருட்டு மாற்றினாய் என்று விசாரிப்பார்கள். தவறியவள் என்பதைவிட, சொந்தத்துக்காக வளைந்தவள் என்ற பெயர் எனக்குப் பெரிய அவமானமாகத் தோன்றியது. இதழை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். நீ சாமான் அறைக்குப் போனாய்.

போன ஜூனில் கரையான் எனக்குச் சாதகமாக வேலை செய்திருப்பதாக எழுதினாய். நான் சும்மா இருந்திருந்தால் எவருக்கும் தெரியாது. ஒரு பூச்சியின் தயவில் தப்பிக்க நான் ஒப்பவில்லை. ஐந்து மாதம் யோசித்த பிறகுதான் ஒப்பவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அறுபத்தெட்டு நிமிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதியவன் நீ. நம் வீட்டில் படித்தவள் நான் என்று ஊர் சொல்கிறது. நான் உன்னைப் பற்றிப் பெருமைப்படுகிறேன் என்று இதுவரை எவரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும். இப்போது சொல்கிறேன். வேறெதையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் நீ ஆனி ரோஸிடம் "அக்காவுக்கு அது நானுன்னு தெரியாதுடி" என்பாய். உன்னை எனக்குத் தெரியும். அந்தச் சமாதானத்தை உனக்கு விட்டுவைக்க எனக்கு உரிமை இல்லை. கேள்வித் தாளின் இரண்டாம் வரியில் ஊழியரின் பெயர், வயது, சொந்த ஊர் எல்லாம் இருந்தன. தம்பி என்றும் பாராமல் எழுதினாள் என்று ஒருநாள் சொல்வார்கள் என எண்ணியபடி அன்று மாலை விடுதிக்கு நிமிர்ந்து நடந்தேன். உன் பெயரைப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன்.

விண்ணரசி